கொழும்பில் தொடர்மாடி கட்டும்போது: திட்ட முகாமைத்துவம் காலத்தையும் காசையும் எங்கே காப்பாற்றுகிறது

வேலை பிந்திய சைட்டில் முதல் பழி மேசன் பாஸின் தலையில்தான் விழும். ஆள் வரவில்லை, வந்தவர் செய்யவில்லை, மழை, சீமெந்து தட்டுப்பாடு என்று காரணங்கள் வரிசையாக வரும். பிந்திய நாட்களை ஒவ்வொன்றாகப் பின்னால் தேடிப் போனால் அநேகமானவை வேறு இடத்தில் போய் முட்டும்: யாரோ எடுக்காமல் விட்ட ஒரு முடிவு, நேரத்துக்கு விண்ணப்பிக்காத ஓர் அனுமதி, இரண்டு மாதம் தாமதித்துக் கொடுத்த ஒரு முற்பணம். மேசனின் வேலையை அட்டவணையில் போடுகிறோம். உரிமையாளரும் கட்டடக் கலைஞரும் எடுக்க வேண்டிய முடிவுகளைப் போடுவதில்லை. முகாமைத்துவ முறையின் பலன் இந்த இடத்தில்தான் தெரியும்.

கணக்குக் காட்ட ஒரு மாதிரி வேண்டும். வெள்ளவத்தையில் 12 பேர்ச் காணி. நிலத்தளத்தில் வாகனத் தரிப்பிடம், மேலே மூன்று மாடி, ஒரு மாடிக்கு 1,900 சதுர அடி, ஒரு லிஃப்ட். ஒப்பந்தத் தொகை 100 மில்லியன் ரூபா, காலம் 14 மாதம். தொகை கணக்குச் செய்ய வசதியாக வைத்தது. இன்றைய விலை என்று எடுக்க வேண்டாம்.

படி 1: எது முடிவு என்று எழுதிவையுங்கள்

காலம், செலவு, தரம் மூன்றும் எல்லோரும் சொல்வது. கொழும்பில் நான்காவது ஒன்றும் உண்டு: கட்டடத்தைச் சட்டப்படி பாவிக்க முடிகிறதா என்பது. இணக்கச் சான்றிதழ், பேச்சு வழக்கில் சி.ஓ.சி., இல்லாமல் குடியேற நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் இடம் தராது. வீடுகளைத் தனித்தனியாக விற்பதென்றால் கூட்டாதன (கொண்டோமினியம்) வரைபடமும் அதற்கான சான்றிதழும் வேண்டும். ஆகவே முடிவுத் திகதியாகப் பெயின்ற் அடித்து முடிக்கும் நாளைப் போடாதீர்கள். சி.ஓ.சி. கைக்கு வந்து, நிரந்தர மின்சாரமும் தண்ணீரும் கிடைத்த நாளைப் போடுங்கள்.

தாமரைக் கோபுரத்தின் வேலை 2012இல் தொடங்கியது. திறப்பு விழா 2019 செப்டெம்பரில் நடந்தது. பொதுமக்கள் மேலே ஏறியது 2022 செப்டெம்பரில். இதில் எதை முடிவு என்று எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்று வருடம் மாறுகிறது. நான்கு மாடிக் கட்டடத்தில் அதே இடைவெளி நான்கைந்து மாதமாக வரும். அந்த மாதங்களுக்கும் வங்கி வட்டி ஓடும்.

படி 2: ஒப்பந்த வகையைத் தெரிவுசெய்தல்

இங்கே பழக்கத்தில் உள்ளவை மூன்று.

சதுர அடிக் கணக்கு. பேச இலகு, பின்னால் சண்டைக்கும் இலகு. பல்கனி சேருமா, வாகனத் தரிப்பிடத்துக்கு முழு விலையா பாதி விலையா, மேல் தண்ணீர்த் தாங்கி யாருடையது, மதில் உள்ளேயா வெளியேயா என்று ஒரு வரியாவது எழுதியிருக்காது. இந்த முறையில் போவதென்றால் குறைந்தது இரண்டு பக்கத்தில் எது உள்ளே, எது வெளியே என்ற பட்டியலை இணையுங்கள்.

கூலிக் கொந்தராத்து. உரிமையாளர் பொருள் வாங்கிக் கொடுப்பார், பாஸ் ஆட்களைக் கொண்டுவருவார். செலவு குறைவாகத் தோன்றும். ஆனால் திட்ட முகாமையாளர் வேலை முழுவதும் உரிமையாளரின் தோளில் ஏறிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பத்து மேசன்மார் காலையில் வந்து மணல் இல்லாமல் உட்கார்ந்தால் அந்த நாட்கூலி உங்களுடையது. தினமும் சைட்டில் நிற்க ஓர் ஆள் இல்லாவிட்டால் இந்த வழி வேண்டாம்.

அளவுப்பட்டியலோடு கூடிய ஒப்பந்தம். கியூ.எஸ். எனப்படும் அளவுக் கணிப்பாளர் ஒருவர் வரைபடத்திலிருந்து அளவெடுத்து பி.ஓ.கியூ. என்ற அளவுப்பட்டியலைத் தயாரிப்பார், ஒப்பந்தகாரர் ஒவ்வொரு வரிக்கும் விலை போடுவார். நமது மாதிரி அளவில் இதுவே பொருத்தம். கியூ.எஸ். கட்டணம் வீண் செலவல்ல. படி 7இல் வரும் கணக்குக்கெல்லாம் இந்தப் பட்டியல்தான் அடித்தளம். சிடா என்று அழைக்கப்படும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை, 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது, மாதிரி ஒப்பந்த ஆவணங்களை வெளியிட்டிருக்கிறது. புதிதாக எழுதாமல் அவற்றை எடுத்து இணைப்புப் பக்கத்தை நிரப்புங்கள். ஒப்பந்தகாரரின் சிடா தரப்படுத்தலையும் பாருங்கள். அது அவர் எவ்வளவு பெரிய வேலையை எடுக்கலாம் என்று சொல்லும். இந்த மாதம் அவரிடம் எத்தனை ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லாது. அதை அறிய அவருடைய மற்ற சைட் இரண்டை ஒரு வேலைநாளில், சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும்.

படி 3: முடிவுகளுக்கும் அனுமதிகளுக்கும் ஓர் அட்டவணை

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். ஒரு தாளில் நான்கு நிரல் கீறுங்கள்: முடிவு என்ன, யார் எடுப்பது, சைட்டுக்குத் தேவைப்படும் நாள், ஆகப் பிந்தி முடிவெடுக்கும் நாள். கடைசி நிரலைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும்.

லிஃப்ட்டை எடுங்கள். அது பொருத்தப்படுவது ஏறக்குறைய 10ஆம் மாதம். அதனால் அவசரமில்லை என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் லிஃப்ட் குழியின் ஆழமும் தண்டின் உள் அளவும் அத்திவாரம் தோண்டும்போதே வேண்டும். குழி பொதுவாக ஒன்றே கால் முதல் ஒன்றரை மீற்றர் ஆழம் வரும். ஒவ்வொரு கம்பனிக்கும் மாறும். பொது அளவில் குழியைக் கட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்து மலிவாகக் கிடைக்கும் இன்னொரு லிஃப்ட்டுக்கு மாறினால், 15 சென்றிமீற்றர் வித்தியாசத்துக்காகக் கொங்கிறீட்டை உடைக்க நேரும். கடலுக்கு அருகே நிலத்தடி நீர் உயரமாக நிற்கும் காணியில் உடைத்த குழிக்கு மறுபடி நீர்க்காப்புச் செய்வது பெரும்பாடு. இறக்குமதி லிஃப்ட்டுக்கு முற்பணம் கொடுத்த நாளிலிருந்து நான்கு, ஆறு மாதம் எடுக்கும். ஆகவே இரண்டு முடிவு நாள் தேவை: எந்த மாடல் என்பது அத்திவார வரைபடத்துக்கு முன், முற்பணம் நான்காம் மாதத்துக்குள்.

இதே மாதிரி மற்றவை:

- குளியலறைச் சாமான் மாடல்: அந்த மாடிச் சிலாப்புக்குக் கம்பி கட்டுமுன். சுவரில் தொங்கும் கொமட்டும் தரையில் நிற்கும் கொமட்டும் வெவ்வேறு இடத்தில் ஓட்டை கேட்கும்.
- ஏ.சி. எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்: சுவர் கட்டுமுன்.
- அலுமினிய ஜன்னல்: வரைபடத்தைப் பார்த்து ஓடர் கொடுக்கக்கூடாது. பூச்சு முடிந்த திறப்பை அளந்த பிறகு நான்கு முதல் ஆறு கிழமை.
- டைல்: ஒரே தொகுதியில் முழு அளவும், வெட்டு வீணுக்கு 5 முதல் 10 வீதம் மேலதிகமும். இரண்டாம் முறை வாங்கப் போனால் நிறம் பொருந்தாது.
- மின்சாரம்: லிஃப்ட், ஏ.சி., பம்ப் எல்லாம் கூட்டி மொத்தத் தேவை 42 கே.வி.ஏ.வைத் தாண்டினால் மொத்த வழங்கல் (பெரிய பாவனையாளருக்கான இணைப்பு) வகைக்குள் போகும். மதிப்பீடு, கட்டணம், கேபிள் எல்லாவற்றுக்கும் மாதங்கள் ஆகும்.

அனுமதிகளும் இதே தாளில் வர வேண்டும். கட்டட அனுமதி மாநகர சபையூடாக வரும். சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப் பக்கமாக 300 மீற்றருக்குள் காணி இருந்தால் கரையோர வலயம். கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் காலி வீதிக்குக் கடற்பக்கம் காணி உள்ளவர்கள் இதை முதலில் அளந்து பார்க்க வேண்டும். கொலன்னாவை, நாவலைப் பக்கத்துத் தாழ்நிலம் என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் இசைவு குறுக்கே வரும். அங்கே நிலத்துக்குக் கீழே உக்கல் மண் இருக்கும், பைலிங் செலவும் சேரும். மண் பரிசோதனைக்கு முன் அத்திவாரத்துக்கு விலை கேட்பது குருட்டுக் கணக்கு.

அனுமதியும் கொள்கை முடிவும் எந்த அளவு வேலைக்கும் ஒன்றுதான். துறைமுக நகரத்தில் கடலை நிரப்பும் வேலை 2014 செப்டெம்பரில் தொடங்கி, 2015 மார்ச்சில் அனுமதிகள் மீளாய்வுக்குப் போனதால் நின்றது. மறுபடி தொடங்க 2016 ஆனது. மண் வெட்டும் கப்பலில் எந்தக் கோளாறும் இல்லை.

பக்கத்து வீட்டையும் மறக்க வேண்டாம். நெருக்கமான ஒழுங்கைகளில் மதிலோடு மதிலாகக் கட்டடங்கள் நிற்கும். தோண்டுமுன் அயல்வீட்டுச் சுவர் வெடிப்புகளைத் திகதியோடு படமெடுத்து, உரிமையாளரின் கையொப்பத்தோடு வைத்திருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஆய்வைச் செய்து அறிக்கை தரும். பழைய வெடிப்பா புதிய வெடிப்பா என்ற வாக்குவாதத்தில் வேலை நிற்பதைவிட அந்த அறிக்கை மலிவு. மூன்றாம் தரப்புப் பாதிப்பையும் உள்ளடக்கிய ஒப்பந்தகாரர் காப்புறுதியும் தோண்டுமுன் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும்.

படி 4: வேலைகளைப் பிரித்து, பிந்தக்கூடாத பாதையைக் கண்டுபிடித்தல்

முழு வேலையையும் ஒன்று முதல் இரண்டு கிழமைக்குள் முடியக்கூடிய துண்டுகளாக உடையுங்கள். “இரண்டாம் மாடி” என்பது துண்டல்ல. “இரண்டாம் மாடி, வடக்கு வீட்டுக் குளியலறை நீர்க்காப்பு” என்பது துண்டு. நமது மாதிரியில் 120 முதல் 150 துண்டு போதும். 600 துண்டு போட்டு அழகான அட்டவணை செய்தவர்கள் மூன்றாம் மாதத்தில் அதைத் திறந்தும் பார்க்கமாட்டார்கள்.

பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் எதற்குப் பின் எது என்று இணையுங்கள். 1950களின் கடைசியில் டியூபோன்ட் நிறுவனத்துக்காக உருவான தீர்வுப் பாதை முறையின் சாரம் இதுதான்: நீளமான சங்கிலியில் ஒரு நாள் பிந்தினால் முழுக் கட்டடமும் ஒரு நாள் பிந்தும், மற்றச் சங்கிலிகளில் கொஞ்சம் தளர்வு உண்டு. எம்.எஸ். புரொஜெக்ட் இல்லாவிட்டால் எக்செல் போதும். இந்த அளவு வேலைக்குப் பிரைமவேரா போன்ற பெரிய மென்பொருள் தேவையில்லை.

நமது மாதிரியில் நீண்ட சங்கிலி இப்படிப் போகும்: அத்திவாரம், நான்கு சிலாப், கூரைச் சிலாப்பின் நீர்க்காப்பு, மேல்மாடிப் பூச்சு, குளியலறை, டைல், இறுதி மின் பரிசோதனை, சி.ஓ.சி. கீழ்மாடிச் சுவர் வேலைக்குத் தளர்வு இருக்கிறது. ஆட்கள் குறைந்த நாளில் யாரை எங்கே விடுவது என்பதற்கு இந்தப் பாதைதான் பதில்.

நாட்காட்டியைச் சரியாகப் போடாத அட்டவணை முதல் நாளே பிழை. போயா மட்டும் வருடத்துக்கு 12 அல்லது 13. சித்திரைப் புத்தாண்டுக்கு 10 முதல் 14 நாள் சைட் வெறிச்சோடும். கொழும்புச் சைட்டுகளில் ஆட்கள் கலந்திருப்பார்கள்: மலையகத்திலிருந்து வந்தவர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போவார்கள், தென்பகுதியிலிருந்து வந்தவர்கள் வெசாக்குக்குப் போவார்கள். இரண்டு விடுமுறையையும் போடுங்கள். அந்த நாட்களில் சிலாப் வேண்டாம்.

மழை அடுத்தது. ஜனவரி, பெப்ரவரி கொழும்பில் உலர்ந்த மாதங்கள். தென்மேல் பருவக்காற்று மே மாதத்தில் இறங்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. அத்திவாரக் குழியை ஜனவரியில் திறந்து ஏப்ரலுக்குள் மூடுவதாகத் தொடக்கத் திகதியைத் தெரிவுசெய்தால் நீர் இறைக்கும் பம்ப் செலவும் குழிச் சரிவும் பெருமளவில் குறையும். அனுமதி மார்ச்சில்தான் வருகிறது என்றால் குழிக்குத் தாங்கு பலகை, பம்ப் ஆகியவற்றுக்குத் தனி வரியில் காசு ஒதுக்குங்கள். “சமாளிப்போம்” என்று விடாதீர்கள்.

படி 5: ஒரு சிலாப்பின் சுழற்சி

கட்டமைப்பு வேகம் முழுவதும் ஒரு சிலாப்பிலிருந்து அடுத்த சிலாப்புக்கு எத்தனை நாள் என்பதில் தங்கியிருக்கிறது. 1,900 சதுர அடிக்கு நிதானமான கணக்கு, வேலைநாட்களில்:

1–3: தூண் கம்பியும் பலகையும்
4: தூண் கொங்கிறீட்
5–11: பீம், சிலாப் பலகையும் முட்டும் (பலகையைத் தாங்கும் கம்பங்கள்)
10–15: டோர் கம்பி கட்டுதல், கடைசி இரண்டு நாள் மின் குழாய், பைப்புக்கான ஸ்லீவ் (கொங்கிறீட்டினூடாகப் பைப் போக விடும் உறை)
16: பொறியியலாளர் பரிசோதனை
17: திருத்தம்
18: கொங்கிறீட்
19–20: மேலே தூண் குறியிடல்

20 வேலைநாள் என்பது கிழமைக்கு ஆறு நாள் வேலையில் ஏறக்குறைய 24 நாட்காட்டி நாள். யாராவது 12 நாளில் முடிப்பேன் என்றால் “எத்தனை ஆள்” என்று கேட்க வேண்டாம். “எத்தனை செட் முட்டு” என்று கேளுங்கள். இங்கே இறுக்கிப் பிடிப்பது முட்டுதான்.

காரணம் எளிய கணக்கு. 125 மில்லிமீற்றர் சிலாப்பின் பச்சைக் கொங்கிறீட் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 310 கிலோ. பலகையும் ஆட்களும் அதற்கு மேல். வீட்டுச் சிலாப் வழக்கமாக வடிவமைக்கப்படும் பாவனைச் சுமை சதுர மீற்றருக்கு 150 கிலோ அளவு. கீழ்ச் சிலாப்புக்கு 24 நாள் வயது ஆகிவிட்டது, முட்டைக் கழற்றலாம் என்று கழற்றிவிட்டு மேலே ஊற்றினால், அது தாங்க வடிவமைக்காத சுமையைத் தாங்க வேண்டிவரும். உடனே விழாது, பீமுக்கு அருகே மெல்லிய வெடிப்பு வரும், பின்னர் டைல் பிளக்கும். ஆகவே ஒரு முழு செட் முட்டும், கீழ் மாடிக்கு மீள்முட்டாகக் குறைந்தது பாதி செட்டும் வாடகைக்கு எடுத்து அட்டவணையில் போட வேண்டும். கழற்றும் நாள் பொதுவாகச் சிலாப்புக்கு 14, நீண்ட பீமுக்கு 21 என்பார்கள். இறுதிச் சொல் பொறியியலாளருடையது. 7 நாள் கியூப் (அதே கொங்கிறீட்டில் வார்த்து உடைத்துப் பார்க்கும் மாதிரிக் கட்டி) முடிவைப் பார்த்து அவர் சொல்ல வேண்டும்.

16ஆம் நாள் பரிசோதனைக்கும் 18ஆம் நாள் ஊற்றலுக்கும் இடையே ஒரு முழு நாள் விட்டிருப்பதைக் கவனியுங்கள். பரிசோதனை பின்னேரம் நான்கு மணிக்கு, லொறி ஆறு மணிக்கு என்று வைத்தால் பொறியியலாளர் எந்தக் குறையையும் நிறுத்த முடியாது. கம்பியைப் பலகையிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் கவர் கட்டை இல்லாமல் கம்பி பலகையில் படிந்திருக்கும். “தட்டித் தூக்கிவிடுகிறோம்” என்பார்கள். கடற்காற்று அடிக்கும் இடத்தில் அந்தக் கம்பி சில வருடங்களில் துருப்பிடித்துச் சீலிங்கை உதிர்க்கும்.

அளவு: சிலாப் 22 கன மீற்றர், பீம் ஏறக்குறைய 10, மொத்தம் 32. ஆறு கன மீற்றர் லொறி என்றால் ஆறு லொறி. 25 முதல் 30 நிமிட இடைவெளியில் வரச் சொல்லுங்கள். இரண்டு ஒன்றாக வந்தால் ஒழுங்கை அடைபடும், பின்னால் நிற்பதில் கொங்கிறீட் இறுகத் தொடங்கும். அப்போது சாரதி தண்ணீர் விடுவார். அதைத் தடுக்க ஓர் ஆளை லொறியடியில் நிறுத்துங்கள். காலை மாலை நெரிசல் நேரத்தில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் பலர் இரவில் ஊற்றுகிறார்கள், சூடும் குறைவு. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மட்டும் விடியற்காலைக்கு மாற்றுங்கள், பின்னேர மழை நனைக்காது. லொறி தப்பினால் எங்கே நிறுத்தலாம் என்று, அதாவது கட்டுமான மூட்டு எந்த பீமின் நடுப்பகுதியில் வரலாம் என்று, முன்பே வரைபடத்தில் குறித்து வாங்குங்கள்.

ஊற்றியபின் நீராற்றல், அதாவது கொங்கிறீட்டைக் காயவிடாமல் ஈரமாக வைத்திருப்பது, குறைந்தது 7 நாள், கலப்புச் சீமெந்து என்றால் 10 நாள். சிலாப்பில் வரம்பு கட்டித் தண்ணீர் தேக்குவது நல்ல நீராற்றல், நல்ல நுளம்புப் பண்ணையும்கூட. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள்தான் எடுக்கும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் சைட் மீது வழக்குப் போடலாம், வேலையும் நிற்கும். தேக்குவதென்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை முழுதாக வடித்துத் துடையுங்கள்; அல்லது சாக்கு விரித்து நனையுங்கள். லிஃப்ட் குழியையும் தாழ்ந்த குளியலறைத் தளத்தையும் கிழமைக்கு ஒருமுறை பார்ப்பது யார் என்று பெயர் குறித்து எழுதுங்கள்.

படி 6: கிழமைத் திட்டம்

பெரிய அட்டவணை அலுவலகச் சுவருக்கு. சைட்டை நடத்துவது கிழமைத் திட்டம். 1990களில் கிளென் பலார்டும் கிரெக் ஹவெலும் வளர்த்தெடுத்த முறை எளிது: வேலையைச் செய்யும் ஆளே வாக்குக் கொடுக்க வேண்டும், அந்த வேலைக்குத் தடை எதுவும் இல்லை என்று உறுதியான பின்பே கொடுக்க வேண்டும்.

நடைமுறையில் இப்படி. முன்னால் வரும் ஆறு கிழமையின் வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வரைபடம், பொருள், ஆள், கருவி, முந்தின வேலை, முடிவு ஆகிய ஆறும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அதை அடுத்த கிழமைக்குள் போட வேண்டாம். குறையை நீக்குபவரின் பெயரையும் திகதியையும் எழுதுங்கள். சனிக்கிழமை மத்தியானம், சம்பளம் கொடுக்குமுன், மேசன் பாஸ், கம்பி பாஸ், எலெக்ட்ரீசியன், பிளம்பர் நால்வரும் நின்றபடி 30 நிமிடம். எலெக்ட்ரீசியன் “புதன்கிழமை வருவேன்” என்றால் கம்பி பாஸ் முன்னால் சொல்லட்டும். மேல் அடுக்குக் கம்பி கட்டுமுன் மின் குழாய் போட ஒரே நாள்தான் கிடைக்கும். அன்று அவர் வராவிட்டால் சிலாப் ஒரு நாள் தள்ளிப் போகும்.

பலகையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். ஆங்கில அட்டவணையைச் சுவரில் ஒட்டுவது ஆலோசகருக்குக் காட்ட மட்டுமே உதவும்.

அடுத்த சனிக்கிழமை எண்ணுங்கள். 20 வேலைக்கு வாக்குக் கொடுத்து 13 முழுதாக முடிந்தால் 65 வீதம். “முக்கால்வாசி முடிந்தது” கணக்கில் வராது. முடியாத ஏழுக்கும் காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள்: முடிவு இல்லை மூன்று, பொருள் இரண்டு, ஆள் ஒன்று, மழை ஒன்று. ஆறு கிழமை சேர்த்தால் சைட்டின் உண்மையான நோய் தெரியும். வீதம் குறைந்ததற்காக பாஸைத் திட்டினால் அடுத்த கிழமை அவர் எட்டு வேலைக்கு மட்டும் வாக்குக் கொடுப்பார். வீதம் 100 ஆகும், கட்டடம் நிற்கும்.

படி 7: காசைப் பார்ப்பது

“எவ்வளவு செலவாகிவிட்டது” என்ற கேள்விக்குத் தனியே அர்த்தமில்லை. மூன்று எண் வேண்டும். ஆறாம் மாத முடிவில் திட்டப்படி 40 மில்லியன் ரூபா வேலை முடிந்திருக்க வேண்டும். அளவுப்பட்டியல் விலையில் உண்மையில் முடிந்தது 34. கையிலிருந்து போனது 39. 34ஐ 40ஆல் பிரித்தால் 0.85: வேலை பின்தங்குகிறது. 34ஐ 39ஆல் பிரித்தால் 0.87: ஒவ்வொரு ரூபாவுக்கும் 87 சத வேலைதான் வருகிறது. இதே வேகத்தில் போனால் 100 மில்லியன் வேலை ஏறக்குறைய 115இல் முடியும். இதை ஆறாம் மாதத்தில் அறிந்தால் டைலையும் சமையலறைச் சாமானையும் மாற்றலாம். பன்னிரண்டாம் மாதத்தில் அறிந்தால் கடன்தான்.

இதில் ஒரு பொறி உண்டு. விலை ஏறுமுன் என்று 20 தொன் கம்பி வாங்கி அடுக்கினால் 39 என்ற எண் வீங்கும், 34 அசையாது. சைட்டில் கிடக்கும் பொருளைத் தனி வரியில் காட்டாவிட்டால் கணக்கு வீணாகப் பயமுறுத்தும்.

விலையேற்றம் இங்கே புத்தகத்தில் படித்த ஆபத்து அல்ல. 2022இல் ரூபா சரிந்தபோது 50 கிலோ சீமெந்துப் பை ஒரு வருடத்துக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. நிலையான விலைக்கு ஒப்புக்கொண்ட ஒப்பந்தகாரர்கள் பலர் சைட்டை விட்டுப் போனார்கள். சிடா மாதாந்த விலைச் சுட்டெண்களையும் விலை ஏற்ற இறக்கச் சூத்திரத்தையும் வெளியிடுகிறது. 14 மாத வேலைக்கு அந்த வாசகத்தைச் சேர்ப்பது உரிமையாளருக்கும் நல்லது. சேர்க்காவிட்டால் ஒப்பந்தகாரர் ஆரம்ப விலையிலேயே பயத்துக்கும் சேர்த்துப் போடுவார்.

முற்பணம் கொடுப்பதென்றால் வங்கி உத்தரவாதத்துக்கு எதிராக மட்டும். ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம் பிடித்து, மொத்தம் ஒப்பந்தத் தொகையின் 5 வீதத்தை எட்டியதும் நிறுத்துவது பழக்கத்தில் உள்ள முறை. பிடிக்க வேண்டியதைப் பிடியுங்கள், மிச்சத்தைத் தாமதிக்காமல் கொடுங்கள். பில் மூன்று கிழமை பிந்தினால் பாஸின் நல்ல ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள்; திரும்பி வருவது வேறு ஆட்கள்.

படி 8: மாற்றங்கள்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தாள்: என்ன, ஏன், எவ்வளவு காசு, எத்தனை நாள், இரு தரப்புக் கையொப்பம். “எத்தனை நாள்” என்ற கட்டம் வெறுமையாக இருந்தால் கையொப்பம் வைக்க வேண்டாம். வட்ஸ்அப்பில் “சரி” என்று அனுப்பியதும் மாற்றம்தான். கிழமைக் கூட்டத்தில் அவற்றையெல்லாம் தாளுக்கு ஏற்றுங்கள். ஒப்பந்தகாரர் கால நீடிப்புக் கேட்க அறிவித்தல் காலம் உண்டு. சர்வதேச மாதிரி ஒப்பந்தமான ஃபிடிக் 1999 நிபந்தனையில் 28 நாள். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள எண்ணை இரு பக்கமும் அறிந்திருக்க வேண்டும்.

மென்பொருள் துறையில் சிறு சிறு சுற்றுகளாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறையைக் கட்டடத்துக்குக் கொண்டுவரலாமா என்ற பேச்சும் அடிபடுகிறது. வரைபடக் கட்டத்தில் தாராளமாகச் செய்யலாம். கீறி அழிக்கச் செலவில்லை. ஊற்றிய பீமில் அது பலிக்காது.

படி 9: நிறுத்திப் பார்க்கும் இடங்கள்

தரச் சோதனை எல்லாவற்றையும் பிடிக்க முயன்று எதையும் பிடிக்காமல் விடும். மூடிவிட்டால் பிறகு பார்க்க முடியாத இடங்களை மட்டும் தெரிவுசெய்து, கையொப்பம் இல்லாமல் அடுத்த வேலை இல்லை என்று வையுங்கள். அத்திவாரத் தளம், ஒவ்வொரு சிலாப் கம்பி, சுவருக்குள் போகும் நீர்க்குழாய் அழுத்தச் சோதனை, குளியலறை நீர்க்காப்பு, கூரை நீர்க்காப்பு. ஐந்தும் போதும்.

குளியலறையில் ஒழுங்கு முக்கியம்: பைப் முழுதும் பொருத்தி, சுற்றியுள்ள இடைவெளியை அடைத்து, நீர்க்காப்புப் பூசி, குறைந்தது 48 மணித்தியாலம் தண்ணீர் நிரப்பி, கீழ்ச் சீலிங்கைப் பார்த்து, பிறகுதான் மட்டப் பூச்சும் டைலும். பிளம்பர் பிந்தி வந்து பூசிய தளத்தில் ஓட்டை போடும்போதுதான் பெரும்பாலான ஒழுக்கு பிறக்கிறது. கொங்கிறீட்டுக்கு ஒவ்வொரு ஊற்றலிலும் ஆறு கியூப் எடுத்து, மூன்றை 7 நாளிலும் மூன்றை 28 நாளிலும் உடையுங்கள். கியூபில் திகதியையும் மாடியையும் கீறிவையுங்கள். பெயரில்லாத கியூப் எந்தச் சிலாப்பையும் நிரூபிக்காது.

படி 10: ஒப்படைப்பு

கடைசி இரண்டு மாதத்தில் மேசன் வேலை குறையும், தாள் வேலை கூடும். சி.ஓ.சி.க்கு வருபவர் அனுமதித்த வரைபடத்தோடு கட்டடத்தை ஒப்பிடுவார். பின்பக்க இடைவெளிக்குள் நீண்ட ஒரு சமையலறைச் சிலாப், வாகனத் தரிப்பிடத்தில் எழுந்த காவலாளி அறை, இவை சான்றிதழை மாதக்கணக்கில் நிறுத்தும். திருத்திய வரைபடம் தேவையென்றால் 10ஆம் மாதத்திலேயே கொடுங்கள்.

லிஃப்ட், பம்ப், நீர்க்காப்பு ஆகியவற்றின் உத்தரவாதம் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். சாமான் இறங்கிய நாளிலிருந்து என்று எழுதியிருந்தால் குடியேறுமுன்பே ஆறு மாதம் கரைந்துவிடும். பாவனைக்கு ஒப்படைத்த நாளிலிருந்து என்று ஓடர் கொடுக்கும்போதே மாற்றி எழுதுங்கள்.

பிடித்த பணத்தில் பாதி ஒப்படைப்பில் போகும், மீதி குறைபாட்டுக் காலம், வழமையாக 365 நாள், முடிந்ததும் போகும். அந்த 365 நாளுக்குள் ஓர் ஒக்டோபர், நவம்பர் மழை நிச்சயம் வரும். மழை ஓய்ந்த முதல் கிழமையில் கூரை, ஜன்னல் விளிம்பு, லிஃப்ட் குழி, கீழ்மாடிச் சீலிங் ஆகியவற்றை ஒப்பந்தகாரரோடு சேர்ந்து சுற்றிப் பார்த்து, ஒழுக்குப் பட்டியலை எழுதி, இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தின் காசோலை அந்தப் பட்டியல் தீர்ந்த பிறகு எழுதப்படட்டும்.